விடுமுறையில் பட்டறைக்குப் போன குமுளி மாணவன்

மே மாதம் பிறந்துவிட்டால் குமுளிக்குத் திருவிழாக் களைதான். தேக்கடியில் படகு ஏற வருகிற கூட்டம் பஸ் நிலையத்திலேயே தொடங்கிவிடும். ஏலக்காயும் மிளகும் விற்கும் கடைகளிலும் லாட்ஜுகளிலும் ஆள் போதாது. கல்லூரியில் படிக்கும் பிள்ளைகள் இந்த ஒரு மாதத்தில் நாலு காசு பார்த்து, அடுத்த பருவத்துப் புத்தகத்துக்கும் பஸ் கட்டணத்துக்கும் ஒதுக்கிக் கொள்வார்கள். தோட்டத்துக் கூலிக் குடும்பங்களில் அது வரவு செலவிலேயே சேர்ந்த தொகை.

அந்தக் கணக்கில்தான் துண்டு விழுந்தது ஒரு வீட்டில். தாய் ஏலக்காட்டில் களை எடுப்பவர். தகப்பனார் அதே தோட்டத்தில் பம்பு ஓட்டுகிறவர். மகன் பொறியியல் கல்லூரியில் மெக்கானிக்கல் மூன்றாம் ஆண்டு. விடுமுறையில் நாலு வாரம் ஏதாவதொரு தொழிற்சாலையில் பயிற்சி பெற்றுச் சான்றிதழ் கொண்டு வர வேண்டும் என்று கல்லூரியில் சொல்லிவிட்டார்கள். 'இன்டர்ன்ஷிப்' என்று பெயர்.

"சம்பளம் குடுப்பாங்களாடா?" என்று தாய் கேட்டார்.

"இல்லம்மா. சாப்பாட்டுக்கும் தங்குறதுக்கும் நாமதான் கொண்டு போகணும்."

"வேலை பழகப் போறவன் கைக்காசு கொண்டு போறதாவது!"

அவர் கேட்டதில் நியாயம் உண்டு. அகில இந்தியத் தொழில்நுட்பக் கல்விக் குழு 2018-ல் வெளியிட்ட மாதிரிப் பாடத்திட்டம் தொழிற்சாலைப் பயிற்சியைப் படிப்பின் ஓர் அங்கமாகவே ஆக்கியது. நோக்கம் நல்லதுதான். ஆனால் பயிற்சிக்கு இடம் தேடுவதும், செலவைச் சுமப்பதும் பெரும்பாலும் மாணவன் தலையில் விழுகிறது. பயிற்சி தருவதற்கே கட்டணம் வாங்கும் இடங்களும் இருக்கின்றன. நகரத்தில் மாமாவோ சித்தப்பாவோ உள்ள பிள்ளைக்கு இது பெரிய காரியமில்லை. மலைக்காட்டுப் பிள்ளைக்கு அப்படியல்ல.

கோவைக்கு ஏன்?

மலைப்பாதையில் இறங்கினால் லோயர் கேம்ப்பில் பெரியாறு மின் நிலையம் இருக்கிறது. முல்லைப் பெரியாற்றுத் தண்ணீர் ராட்சதக் குழாய்களில் பாய்ந்து இறங்குவதை பஸ்ஸில் இருந்தே பார்த்து வளர்ந்த பையன் அவன். மறுபக்கம் மூலமற்றத்தில், மலையைக் குடைந்து அமைத்த 780 மெகாவாட் இடுக்கி மின் நிலையம் 1976 முதல் ஓடுகிறது. இத்தனை இருந்தும் அவனுக்குக் கடிதம் கிடைத்தது கோவையில் பம்பு செய்யும் ஒரு நடுத்தரக் கம்பெனியில்தான்.

அதுவும் நல்லதாகவே போயிற்று. பைக்காரா மின்சாரம் வந்த பிறகு கோவையில் பஞ்சாலைகளோடு எந்திரப் பட்டறைகளும் பெருகின. ஜி.டி. நாயுடுவும் பாலசுந்தரம் நாயுடுவும் 1937-ல் உள்நாட்டிலேயே மின் மோட்டார் செய்து காட்டிய ஊர் அது. 1945-ல் தொடங்கிய தொழில்நுட்பக் கல்லூரிக்கு முதல்வராக இருந்த நாயுடு, நாலு வருஷப் படிப்பு மாணவர்களின் காலத்தை வீணாக்குவது, இரண்டு வருஷம் போதும் என்று வாதாடினார். அரசு ஒப்பவில்லை. அவர் பதவியை விட்டு விலகினார். அவர் சொன்னது முழுக்கச் சரியா என்பது இருக்கட்டும். கைப்பழக்கம் இல்லாத படிப்பின் மீது அவருக்கு இருந்த சந்தேகம் இன்றைக்கும் தீர்ந்தபாடில்லை.

முதல் பத்து நாள்

தேனி, வத்தலக்குண்டு, பழநி, உடுமலை என்று பஸ் மாறி மாறிப் போய்ச் சேர்ந்த பையனுக்கு முதல் பத்து நாளும் மேசை வேலைதான். சரக்கு வந்த சீட்டுகளைப் பார்த்து லெட்ஜரில் எண்களை ஏற்றினான். வார்ப்படச் சாலைக்குள் எட்டிப் பார்த்தபோது, "அங்கெல்லாம் போகக் கூடாது" என்றார்கள். பாதுகாப்பு முக்கியம்தான். ஆனால் பூட்ஸும் கண்ணாடியும் கொடுத்து, கூட ஓர் ஆளையும் அனுப்பினால் தீர்கிற விஷயம் அது. பயிற்சி என்ற பெயரில் பல இடங்களில் இப்படித்தான் நாட்கள் கழிகின்றன. சான்றிதழில் மட்டும் ஒரு குறையும் இருக்காது.

பதினோராம் நாள் சோதனைப் பிரிவில் ஒருவர் விடுப்பு. அங்கே அளவு குறிக்க ஆள் வேண்டியிருந்தது. முப்பது வருஷம் பம்போடு பழகிய ஒரு பிட்டர் அங்கே இருந்தார்.

"ஏனுங்க தம்பி, பம்பு தண்ணிய இழுக்குதுன்னு படிச்சிருப்பீங்க. நெசமா இழுக்குதுங்களா?" என்றார்.

பையன் விழித்தான். பரீட்சையில் இதற்கு அவன் வாங்கிய மதிப்பெண் குறைவல்ல.

பம்பு செய்வது ஒன்றுதான்: உறிஞ்சு குழாயில் காற்றழுத்தத்தைக் குறைக்கிறது. வெளியே தண்ணீர் மீது அழுத்திக்கொண்டிருக்கும் காற்றுதான் அதை மேலே தள்ளுகிறது. கடல் மட்டத்தில் அந்தக் காற்றின் பலம் சுமார் 10.3 மீட்டர் தண்ணீரைத் தாங்கும். குழாயின் உராய்வும் மற்றவையும் போக, ஆறு ஏழு மீட்டர் ஏற்றினாலே அதிகம். அதற்கு மேல் ஆசைப்பட்டால் பம்புக்குள் தண்ணீர் ஆவிக் குமிழிகளாகி வெடிக்கும். உள்ளே ஜல்லிக் கல் உருளுவது போலச் சத்தம் கேட்கும். நாளடைவில் சுழலியின் உலோகத்தையே அது அரித்துவிடும்.

பிட்டர் வேண்டுமென்றே உறிஞ்சு பக்கத்து வால்வைக் கொஞ்சம் கொஞ்சமாக மூடிக் காட்டினார். ஜல்லிச் சத்தம் எழுந்தது. பையன் திடுக்கிட்டான். அது அவன் சின்ன வயதிலிருந்து கேட்ட சத்தம். ஓடைக்கரைப் பம்பு கோடையில் இப்படித்தான் உறுமும். "பேரிங் போயிருச்சு" என்று தகப்பனார் இரண்டு முறை பேரிங் மாற்றியும் சத்தம் ஓயவில்லை.

"உங்க ஊரு எவ்வளவு உசரமுங்க?" என்று கேட்டார் பிட்டர்.

குமுளி ஏறத்தாழ 900 மீட்டர் உயரம். ஏலத்தோட்டங்கள் பல அதற்கும் மேலே. அந்த உயரத்தில் காற்றழுத்தம் ஏறத்தாழ பத்தில் ஒரு பங்கு குறைவு. அதாவது, சமவெளியில் ஏற்றக்கூடியதை விட ஒரு மீட்டர் குறைவாகவே உறிஞ்ச முடியும். கோடையில் ஓடைத் தண்ணீர் கீழே இறங்க இறங்க, பம்பு இருக்கும் இடம் அதே மேட்டில். பேரிங்கைக் குறை சொல்லிப் பயன் என்ன?

மிச்ச நாட்களில் அவன் அந்தப் பிரிவை விட்டு நகரவில்லை. எத்தனை மீட்டர் உயரத்துக்கு எத்தனை லிட்டர் தண்ணீர், அதற்கு மோட்டார் எத்தனை கிலோவாட் தின்கிறது என்று தினமும் அட்டவணை போட்டான். நொடிக்கு 10 லிட்டரை 20 மீட்டர் உயர்த்தினால் தண்ணீருக்குக் கிடைப்பது 2 கிலோவாட்டுக்குச் சற்றுக் குறைவு. மோட்டார் எடுத்துக்கொண்டது மூன்றரை. நடுவில் போனது எங்கே என்று தேடுவதுதான் தொழில் என்பது அப்போது புரிந்தது.

சட்டம் சொல்வது

பிள்ளைகளைப் பயிற்சிக்கு அனுப்பும் பெற்றோர் ஒரு வித்தியாசத்தைத் தெரிந்துகொள்வது நல்லது. படிக்கும்போது விடுமுறையில் போகும் பயிற்சி வேறு, படித்து முடித்தபின் 1961-ஆம் ஆண்டு அப்ரண்டிஸ் சட்டப்படி சேரும் பயிற்சி வேறு. முன்னதற்குச் சம்பளம் தந்தே ஆக வேண்டும் என்ற கட்டாயமில்லை. கேட்டால் சில கம்பெனிகள் மதியச் சாப்பாடாவது தரும். கேட்க வேண்டும், அவ்வளவுதான்.

பின்னதற்கு உதவித்தொகை சட்ட உரிமை. 1973-ல் செய்த திருத்தம் பட்டதாரி, டிப்ளமோ பொறியாளர்களையும் இந்தச் சட்டத்துக்குள் கொண்டு வந்தது. 2019-ஆம் ஆண்டு விதிகள் பட்டதாரிக்கு மாதம் 9,000 ரூபாயும் டிப்ளமோ படித்தவருக்கு 8,000 ரூபாயும் குறைந்தபட்சமாக நிர்ணயித்தன. 30 அல்லது அதற்கு மேற்பட்டோர் வேலை செய்யும் நிறுவனங்கள் அப்ரண்டிஸ்களை எடுத்தே ஆக வேண்டும் என்றும் அவை கூறின. தென் மாநிலங்களுக்கான பயிற்சி வாரியம் சென்னையில் இருக்கிறது. கேரளப் பிள்ளைகளுக்கும் அதுதான் வாரியம். மாநில எல்லை இதற்குத் தடையில்லை.

விடுமுறைப் பயிற்சிக்குப் போகுமுன் கேட்க வேண்டிய கேள்வியும் ஒன்றுண்டு: "எந்தப் பிரிவில், யார் பொறுப்பில் விடுவீர்கள்?" இதற்குப் பதில் சொல்லத் தயங்கும் இடத்தில் லெட்ஜர்தான் காத்திருக்கும்.

ஜூன் தொடக்கத்தில் பையன் ஊர் திரும்பினான். அறைக்கும் சாப்பாட்டுக்கும் போன பணத்தில் பாதி கைமாற்று. லாட்ஜ் வேலையில் வந்திருக்க வேண்டிய பணமும் இல்லை. மறுநாள் காலை தகப்பனாரோடு ஓடைக்குப் போய், பம்பு மேடைக்கும் தண்ணீர் மட்டத்துக்கும் இடையே கயிறு விட்டு அளந்தான். ஆறே முக்கால் மீட்டர் இருந்தது. மேடையை இரண்டு மீட்டர் கீழே இறக்க என்ன செலவாகும் என்று எழுதி, தோட்டத்து மேனேஜரிடம் கொடுத்திருக்கிறார்கள். மழை பிடித்துவிட்டதால், ஐப்பசிக்குப் பிறகு பார்க்கலாம் என்று அவர் சொல்லியிருக்கிறார்.