எல்-1 விசாவில் அமெரிக்கா போனவர் வேறு கம்பெனிக்கு மாற முடியுமா? எச்-1பி-க்கு மாறும்போது எங்கே சிக்கல் வருகிறது?

சென்னை ஓ.எம்.ஆரில் உள்ள ஐ.டி. நிறுவனத்தில் மூன்று வருட வேலை. அதே நிறுவனம் அமெரிக்காவில் டல்லாஸ் அலுவலகத்துக்கு அனுப்பி வைக்கிறது. போன இடத்தில் இன்னொரு கம்பெனி கூடுதல் சம்பளத்தோடு ஆஃபர் லெட்டரை நீட்டுகிறது. நம்ம ஊர் என்றால் நோட்டீஸ் பீரியட் முடித்து, ரிலீவிங் லெட்டர் வாங்கிக்கொண்டு அடுத்த திங்கட்கிழமை புது ஆபீஸுக்குப் போய்விடலாம். எல்-1 விசாவில் இருப்பவர் அமெரிக்காவில் அப்படிப் போனால், அன்றைக்கே அனுமதி இல்லாமல் வேலை செய்தவர் ஆகிவிடுவார்.

ஒரு கம்பெனி தன்னுடைய வெளிநாட்டு அலுவலகத்தில் குறைந்தது ஓராண்டு தொடர்ந்து வேலை பார்த்த ஊழியரை, அமெரிக்காவில் உள்ள தன் கிளைக்கு மாற்றுவதற்காகத் தரப்படுவதுதான் எல்-1. மேலாளர், நிர்வாகி என்றால் எல்-1ஏ. நிறுவனத்தின் தொழில்நுட்பம், செயல்முறை பற்றி சிறப்பு அறிவு உள்ளவர் என்றால் எல்-1பி. வேலை செய்யும் உரிமை அந்த நிறுவனக் குழுமத்தோடு கட்டப்பட்டது. பாஸ்போர்ட்டில் இன்னும் மூன்று வருடத்துக்கு விசா ஸ்டாம்ப் இருக்கிறதே என்றால், அது வேறு கணக்கு. ஸ்டாம்ப் என்பது நாட்டுக்குள் நுழையக் கேட்பதற்கான சீட்டு மட்டும்தான். உள்ளே யாரிடம், எதுவரை வேலை பார்க்கலாம் என்பதை முடிவு செய்வது 'ஸ்டேட்டஸ்'. எதுவரை தங்கலாம் என்ற தேதி ஐ-94 பதிவில் இருக்கும்.

நண்பர் மட்டும் எப்படி உடனே மாறினார்?

இங்கேதான் பலர் குழம்புகிறார்கள். பக்கத்து அபார்ட்மென்ட்காரர் போன மாதம் கம்பெனி மாறினார், புது நிறுவனம் மனு போட்டதுமே வேலையில் சேர்ந்தார், நாமும் அப்படிச் செய்யலாமே என்று நினைக்கிறார்கள். அவர் ஏற்கனவே எச்-1பி-யில் இருப்பவராக இருப்பார். எச்-1பி ஸ்டேட்டஸில் இருப்பவருக்கு, புது நிறுவனம் மனு தாக்கல் செய்தவுடனேயே அங்கே வேலை தொடங்க 2000-ம் ஆண்டு சட்டம் அனுமதி தருகிறது. எல்-1-ல் இருப்பவருக்கு அந்தச் சலுகை கிடையாது. அவர் முதலில் எச்-1பி-க்கு மாற வேண்டும், அந்த மாற்றம் அமலுக்கு வர வேண்டும், அதன்பிறகுதான் புது வேலை.

முதல்முறையாக எச்-1பி என்றால் குலுக்கலைத் தாண்டியாக வேண்டும். ஆண்டுக்கு 65,000 இடங்கள், அமெரிக்காவில் முதுகலை அல்லது அதற்கு மேல் படித்தவர்களுக்குக் கூடுதலாக 20,000. மார்ச் மாதம் புது நிறுவனம் 215 டாலர் கட்டிப் பதிவு செய்ய வேண்டும். 2026 முதல் இந்தக் குலுக்கல் எல்லோருக்கும் சமமானது அல்ல, சம்பள நிலை உயர உயர வாய்ப்பும் கூடும். பெயர் வந்தால் மனு, ஒப்புதல் கிடைத்தால் அக்டோபர் 1-ம் தேதி முதல் வேலை. ஆக, நவம்பரில் ஆஃபர் வாங்கியவர் புது நாற்காலியில் உட்கார ஏறக்குறைய ஒரு வருடம் ஆகும். அதுவும் குலுக்கலில் பெயர் வந்தால்!

இரண்டு தரப்புக்கு இந்தக் குலுக்கல் தேவையில்லை. பல்கலைக்கழகங்கள், அவற்றோடு இணைந்த லாப நோக்கமற்ற அமைப்புகள், லாப நோக்கமற்ற ஆராய்ச்சி நிறுவனங்கள் ஆண்டில் எப்போது வேண்டுமானாலும் மனு போடலாம். முன்பு எச்-1பி-யில் இருந்து, ஆறு வருடக் கணக்கில் மிச்சம் வைத்திருப்பவரும் பொதுவாக மறுபடி குலுக்கலுக்குப் போக வேண்டாம். 'எனக்குப் பழைய எச்-1பி ஒன்று இருந்தது' என்பதை வழக்கறிஞரிடம் சொல்லவே மறந்துவிடுபவர்கள் உண்டு. அந்தப் பழைய ஒப்புதல் கடிதத்தைத் தேடி எடுப்பது நல்லது.

அக்டோபர் 1 என்ற பொறி

குலுக்கலில் பெயர் வந்து, ஸ்டேட்டஸ் மாற்றத்தோடு ஒப்புதலும் வந்துவிட்டது என்று வைத்துக்கொள்வோம். செப்டம்பர் 30 வரை அவர் எல்-1 ஊழியர், பழைய நிறுவனத்தில்தான் இருக்க வேண்டும். மறுநாள் காலை அவர் எச்-1பி ஊழியர். இந்த மாற்றம் தானாக நடக்கும், யாரும் போன் செய்து சொல்ல மாட்டார்கள். 'இந்த மாசம் போனஸ் வந்துடட்டும், நவம்பர்ல ரிசைன் பண்ணிக்கலாம்' என்று பழைய ஆபீஸிலேயே தொடர்ந்தால், அக்டோபர் 1 முதல் அவர் அங்கே பார்ப்பது அனுமதியில்லாத வேலை. மனசு மாறி பழைய நிறுவனத்திலேயே இருக்க முடிவு செய்தால், அந்தத் தேதிக்கு முன்பே புது மனுவைத் திரும்பப் பெற வைக்க வேண்டும்.

எதிர்த்திசையிலும் ஆபத்து இருக்கிறது. ஒப்புதல் வந்த சந்தோஷத்தில் ஜூனிலேயே ராஜினாமா செய்தால், எல்-1 ஸ்டேட்டஸ் அங்கேயே அறுந்துவிடும். வேலை போனவர்களுக்கு 2017 முதல் அதிகபட்சம் 60 நாள் அவகாசம் உண்டு, ஐ-94 அதற்கு முன்பே முடிந்தால் அதுவரைதான். ஜூனில் தொடங்கும் 60 நாள் அக்டோபரை எட்டாது. பழைய நிறுவனமே வேலையை விட்டு நீக்கினாலும் கணக்கு இதேதான். ஆட்குறைப்பு சமயத்தில் எச்-1பி-காரர்களைவிட எல்-1-காரர்கள் அதிகம் தவிப்பதற்குக் காரணமும் இதுதான். எச்-1பி-காரருக்கு அந்த 60 நாளுக்குள் புது நிறுவனம் ஒன்று மனு போட்டால் போதும். எல்-1-காரருக்கு ஆஃபரே கையில் இருந்தாலும், குலுக்கல் வழி நடு வருடத்தில் மூடிக் கிடக்கும்.

நடுவில் ஊருக்கு வந்தால்?

ஸ்டேட்டஸ் மாற்ற மனு நிலுவையில் இருக்கும்போது அமெரிக்காவை விட்டு வெளியேறினால், அந்த மாற்றக் கோரிக்கை கைவிடப்பட்டதாகவே எடுத்துக்கொள்ளப்படும். மனு மட்டும் தனியாகப் பிழைக்கலாம். ஆனால், அப்போது தூதரகத்தில் விசா வாங்கி, எச்-1பி-யில் புதிதாக நுழைய வேண்டியிருக்கும்.

முன்பு இது கால தாமதம் மட்டும்தான். 2025 செப்டம்பர் 21-க்குப் பிறகு இது பணப் பிரச்னை. அதிபர் டிரம்ப்பின் உத்தரவுப்படி புதிய எச்-1பி மனுக்களுக்கு 1 லட்சம் டாலர் கட்ட வேண்டும். அந்த அக்டோபரில் குடியேற்றத் துறை தந்த விளக்கத்தின்படி, அமெரிக்காவுக்குள் இருந்தபடியே ஸ்டேட்டஸ் மாறுபவருக்கு இந்தத் தொகை இல்லை. ஆனால் முடிவு வருவதற்கு முன்பே அவர் நாட்டை விட்டுக் கிளம்பினால் தொகை பாயும். தங்கச்சி கல்யாணத்துக்குப் போட்ட ஒரு டிக்கெட்டுக்காக 1 லட்சம் டாலர் கட்ட எந்தக் கம்பெனியும் முன்வராது என்பதே யதார்த்தம். ஒப்புதல் வந்த பிறகும், அக்டோபர் 1-க்கு முன் வெளியே போய் எல்-1-லேயே திரும்பி வருவது எந்த ஸ்டேட்டஸ் செல்லும் என்ற குழப்பத்தைக் கிளப்பும். வழக்கறிஞரைக் கேட்காமல் டிக்கெட் போடக்கூடாது.

மாறிய பிறகு முதல்முறை ஊருக்கு வந்தால், பாஸ்போர்ட்டில் உள்ள எல்-1 ஸ்டாம்ப் திரும்பிப் போக உதவாது. சென்னை அண்ணா சாலை தூதரகம் போன்ற இடத்தில் எச்-1பி ஸ்டாம்பிங் செய்தாக வேண்டும். 2025 டிசம்பர் 15 முதல் எச்-1பி, எச்-4 விண்ணப்பதாரர்களின் சமூக வலைதளக் கணக்குகளையும் ஆராய்கிறார்கள். அப்போது இந்தியாவில் பலருடைய நேர்காணல் தேதிகள் மாதக்கணக்கில் தள்ளிப்போயின.

வீட்டில் இன்னொருவர் வேலை போகலாம்

சம்பளம் எவ்வளவு கூடும் என்று கணக்குப் போடுபவர்கள் பெரும்பாலும் கவனிக்காதது இதைத்தான். எல்-1-காரரின் மனைவி அல்லது கணவர் எல்-2-வில் இருப்பார். எல்-2எஸ் என்று ஐ-94-ல் குறிக்கப்பட்டிருந்தாலே அவர் தனி அட்டை இல்லாமல் வேலைக்குப் போகலாம். எல்-1 முடிகிற நாளில் அந்த உரிமையும் முடிகிறது. அவர் எச்-4-க்கு மாற வேண்டும், அதற்கு ஐ-539 படிவம் தனியாகப் போட வேண்டும். எச்-4-ல் வேலை அனுமதி எல்லோருக்கும் கிடையாது. எச்-1பி-காரருக்கு க்ரீன் கார்டுக்கான ஐ-140 மனு ஒப்புதலாகியிருப்பது போன்ற நிலையில்தான் கேட்கவே முடியும். புது கம்பெனியில் அந்த வேலையைத் தொடங்கி முடிக்க ஆண்டுகள் ஆகலாம். ஒரு சம்பளம் கூடி இன்னொரு சம்பளம் நின்றுபோனால் வீட்டு வாடகைக்கே இடிக்கும். இதனால்தான் சில தம்பதிகள், எல்-2-வில் வேலை பார்ப்பவரின் பெயரையும் அவருடைய கம்பெனி மூலம் குலுக்கலில் பதிவு செய்கிறார்கள். இருவரில் யாருக்குப் பெயர் வருகிறது என்று பார்த்து முடிவெடுக்கலாம் அல்லவா!

ஆண்டுக் கணக்கும் புதிதாகத் தொடங்காது

எல்-1பி-க்கு 5 ஆண்டு, எல்-1ஏ-க்கு 7, எச்-1பி-க்கு 6. இவை தனித்தனிப் பாத்திரங்கள் அல்ல. எல்-1-ல் கழித்த காலம் எச்-1பி-யின் ஆறு ஆண்டுகளில் கழியும். நான்கு வருடம் எல்-1பி-யில் இருந்தவருக்கு மிச்சம் இரண்டுதான். நடுவில் இந்தியாவில் இருந்த நாட்களை ஆதாரம் காட்டித் திரும்பப் பெறலாம், அதனால் பழைய போர்டிங் பாஸைத் தூக்கிப் போட வேண்டாம். ஆறு ஆண்டுக்கு மேல் எச்-1பி-யை நீட்டிக்க ஐ-140 போன்ற க்ரீன் கார்டு நடவடிக்கை நகர்ந்திருக்க வேண்டும். எல்-1-ல் அந்த நீட்டிப்பே கிடையாது. பலர் மாற விரும்புவதற்கு இது முக்கியக் காரணம்.

எல்-1ஏ மேலாளர்கள் மட்டும் ஒருமுறைக்கு இருமுறை யோசிக்க வேண்டும். அதே குழுமத்தில் தொடர்ந்தால் அவர்களுக்கு ஈபி-1சி என்ற க்ரீன் கார்டு வழி இருக்கிறது. இந்தியர்களுக்கு ஈபி-2, ஈபி-3 வரிசையைவிட அது வேகமாக நகர்ந்து வந்திருக்கிறது. வெளிநாட்டில் அதே குழுமத்தில் மேலாளராக இருந்த ஓராண்டு அனுபவம்தான் அதற்கு அடிப்படை. சம்பந்தமே இல்லாத புது கம்பெனியால் அதை வைத்து மனு போட முடியாது.

ஆஃபரில் கையெழுத்து போடுவதற்கு முன் புது நிறுவனத்திடம் எழுத்துபூர்வமாகக் கேட்க வேண்டியவை இரண்டு. மார்ச் பதிவில் பெயர் சேர்ப்பீர்களா? வராவிட்டால் அடுத்த மார்ச் வரை ஆஃபர் நிற்குமா? மனுவுக்கான கட்டணமும் வழக்கறிஞர் செலவும் நிறுவனத்தின் பொறுப்பு. அதை ஊழியர் தலையில் கட்டப் பார்த்தால், அந்தக் கம்பெனியைப் பற்றி இன்னும் கொஞ்சம் விசாரிப்பது நல்லது.