அப்பா என்ன வேலை செய்கிறார்? – ‘ககுஷிகோதோ’ தொடரின் கதை

ஒரு தந்தை தம் பிள்ளையிடம் எதை மறைப்பார்? கடனை மறைப்பவர் உண்டு. நோயை மறைப்பவரும் உண்டு. ஆனால், தாம் செய்யும் தொழிலையே மறைக்கப் படாத பாடுபடும் தந்தை ஒருவரைக் கதாநாயகனாக்கிச் சிரிக்க வைத்திருக்கிறது ஜப்பானின் ‘ககுஷிகோதோ’ என்ற அனிமே தொடர். 2020ஆம் ஆண்டு ஏப்ரல் தொடங்கி ஜூன் வரை 12 அங்கங்களாக அங்கு ஒளியேறிய இத்தொடர், வயிறு குலுங்கச் சிரிக்கும் நேரத்திலேயே கண்ணின் ஓரத்தை ஈரமாக்கி விடுகிறது. அது எப்படி?

பெயரிலேயே ரகசியம்

இதன் மூலம், கோஜி குமேதா வரைந்த சித்திரக்கதை. 2015ஆம் ஆண்டின் இறுதியில் தொடங்கி 2020 வரை மாத இதழ் ஒன்றில் வெளிவந்து, 12 நூல்களாகத் தொகுக்கப்பட்டது. சமூகத்தை நையாண்டி செய்வதில் பெயர் பெற்றவர் குமேதா. அந்த நையாண்டிக்காரர், இம்முறை ஒரு வீட்டின் சமையலறைக்குள்ளும் ஒரு தந்தையின் மனத்திற்குள்ளும் புகுந்து பார்த்திருக்கிறார்.

தலைப்பே ஒரு சிலேடை. ஜப்பானிய மொழியில் ‘ககுஷிகோதோ’ என்றால் மறைத்து வைத்த விஷயம். அதையே ‘ககு ஷிகோதோ’ என்று பிரித்தால் ‘வரையும் தொழில்’ என்று பொருள் மாறும். நாயகனின் பெயர் கோதோ ககுஷி. குடும்பப் பெயரைப் பின்னால் தள்ளிச் சொல்லிப் பாருங்கள், அதே ‘ககுஷி கோதோ’ வந்து நிற்கும்! தொழிலும் ரகசியமும் மனிதரும் ஒரே சொல்லில் அடங்கி விட்டன.

வழியில் உடை மாற்றும் அப்பா

கோதோ ஒரு சித்திரக்கதை ஓவியர். தோக்கியோவின் நகாமெகுரோ வட்டாரத்தில் மகள் ஹிமேயுடன் வாழ்கிறார். ‘ஹிமே’ என்றால் இளவரசி. நான்காம் ஆண்டில் படிக்கும் பத்து வயதுப் பிள்ளை. தாய் இல்லாத வீடு. காலையில் கோட்டும் கழுத்துப்பட்டையும் அணிந்து, அலுவலக ஊழியரைப் போல வீட்டை விட்டுக் கிளம்புவார் அப்பா. வழியில் உடையை மாற்றிக் கொண்டு, டி-சட்டையும் அரைக்கால் சட்டையுமாகத் தமது ஓவியக்கூடத்திற்குள் நுழைவார். மாலையில் மீண்டும் கோட்டு!

ஏன் இந்த நாடகம்? கோதோவுக்குப் பெயர் வாங்கித் தந்தது கொஞ்சம் கொச்சையான நகைச்சுவை. அது மகளுக்குத் தெரிந்தால் தம்மை வெறுத்து விடுவாளோ, பள்ளியில் மற்ற பிள்ளைகள் கேலி செய்வார்களோ என்ற பயம் அவரை ஆட்டிப் படைக்கிறது.

இந்தப் பயத்திற்கு ஒரு பழைய வரலாறும் உண்டு. சித்திரக்கதை இன்று ஜப்பானின் பெருமைகளுள் ஒன்று. ஆனால், 1950களின் நடுப்பகுதியில் அங்கே ‘தீய நூல்களை விரட்டுவோம்’ என்று பெற்றோரும் ஆசிரியர்களும் இயக்கம் நடத்தினார்கள். சித்திரக்கதை நூல்கள் எரிக்கப்பட்டதும் உண்டு. பிள்ளைகளைக் கெடுப்பவன் என்ற பழி இந்தத் தொழிலின் மேல் நெடுங்காலம் நிழலாடியது. கோதோவின் வெட்கம் அவருடையது மட்டுமன்று.

சிரிப்பு எங்கே பிறக்கிறது?

ஓவியக்கூடத்தின் அன்றாட வாழ்க்கையே பாதிச் சிரிப்பு. முதலில் பக்கங்களின் கரட்டு வரைவு, அதைப் பதிப்பாசிரியர் பார்க்க வேண்டும். பிறகு பென்சில், அதன் மேல் மை. பின்னணியை வரைவதும், கறுப்பு நிரப்புவதும், நிழற்புள்ளித் தாள் ஒட்டுவதும் உதவியாளர்களின் வேலை. கெடு நெருங்கும்போது ஒருவருக்கும் தூக்கம் இல்லை. இதற்கு நடுவில் மகளைப் பற்றிச் சின்னச் செய்தி வந்தாலும் போதும், கோதோ தூரிகையைப் போட்டு விட்டு ஓடுவார். உதவியாளர்கள் தலையில் கை வைத்துக் கொள்வார்கள்.

மறுபாதிச் சிரிப்பு, புரிந்து கொள்ளாமையில் பிறக்கிறது. மகளுக்காக அவர் கேட்கும் உதவியைத் திருமணப் பேச்சாக எடுத்துக் கொள்ளும் பெண்கள் ஒருவர் பின் ஒருவராக வருகிறார்கள். ஹிமேயோ தோழிகளோடு துப்பறியும் குழு அமைத்து விளையாடுகிறாள். ஊர் ரகசியத்தைத் தேடும் அந்தத் துப்பறிவாளருக்குத் தன் வீட்டு ரகசியம் மட்டும் தெரியாது!

ஆனால், தந்தை கவனிக்கத் தவறும் ஒன்றை நேயர்கள் கவனித்து விடுகிறார்கள். அப்பா எங்கே வேலை செய்கிறார் என்பது ஹிமேக்குப் பெரிய கேள்வியே அல்ல. அப்பா சீக்கிரம் வீட்டுக்கு வருவாரா, தன்னால் அவருக்குச் சிரமம் வருகிறதா என்பதே அவள் கவலை.

எதிர்காலத்தின் கதவு

கதை ஒரே காலத்தில் நடப்பதில்லை. இடையிடையே வளர்ந்து விட்ட ஹிமே திரையில் தோன்றுகிறாள். காமகுராவின் கடற்கரைப் பக்கத்தில், தங்கள் பழைய வீட்டைப் போலவே அமைந்த இன்னொரு வீட்டின் கதவைத் திறக்கிறாள். அப்பாவின் ரகசியம் அங்கேதான் இருக்கிறது. அப்படியானால் அப்பா எங்கே? இந்த ஒரு கேள்வி மனத்தில் விழுந்த பிறகு, பத்து வயது ஹிமேயின் ஒவ்வொரு சிரிப்பும் விலைமதிப்புள்ளதாகி விடுகிறது. விடையை இங்கே சொல்லி விட்டால் பார்ப்பவரின் சுவை கெட்டு விடும்.

இறுதிப் பாடலாக 1981இல் எய்இச்சி ஓதாகி பாடிய பழைய பாடல் ஒன்றைச் சேர்த்திருக்கிறார்கள். பாடலாசிரியர் தகாஷி மட்சுமோதோ, தம் தங்கையை இழந்து, உலகமே நிறமற்றுத் தெரிந்த நாட்களில் எழுதியது அது. மெட்டு என்னவோ துள்ளலானது! துயரத்தை அடியில் வைத்து மேலே வண்ணம் பூசிய அந்தப் பாடல், தொடரின் தன்மைக்கு அப்படியே பொருந்துகிறது.

கதவு திறந்த காலம்

தொடர் ஒளியேறத் தொடங்கிய சில நாட்களில், 2020 ஏப்ரல் 7ஆம் நாள், கோவிட்-19 தொற்றின் காரணமாகத் தோக்கியோ உட்பட ஏழு மாநிலங்களில் அவசரநிலை அறிவிக்கப்பட்டது. பள்ளிகள் மூடிக் கிடந்தன. பலருக்கு வீடே அலுவலகமானது. அப்பா எப்படிப் பேசி, யாரிடம் திட்டு வாங்கி, எதற்காகத் தலையைப் பிடித்துக் கொண்டு உட்கார்ந்திருக்கிறார் என்பதைப் பல பிள்ளைகள் முதல் முறையாகக் கண்ட காலம் அது. கோதோ அஞ்சிய கதவு, பல வீடுகளில் தானாகவே திறந்து கொண்டது.

2021 ஜூலையில் இத்தொடர் திரைப்படமாகவும் தொகுக்கப்பட்டது. நகைச்சுவை சில இடங்களில் கொச்சையாக இருப்பதால், சிறு பிள்ளைகளோடு பார்க்கும் பெற்றோர் கூட இருப்பது நல்லது. கூட இருந்தால் இன்னொரு பயனும் உண்டு. “அப்பா, நீங்கள் வேலையில் என்னதான் செய்கிறீர்கள்?” என்று பிள்ளை கேட்கக்கூடும். கோதோ பதினோர் அங்கங்கள் தள்ளிப் போட்ட பதிலை, நம் வீட்டுத் தந்தையர் அன்றே சொல்லி விடலாம்.