எழுதியவர் கண்ணுக்குப் பிழை ஏன் தெரிவதில்லை?

நாலைந்து முறை படித்துத் திருத்தி அனுப்பிய கதை அச்சில் வந்ததும், முதல் பக்கத்திலேயே ஒரு பிழை பல்லிளிக்கும். எழுதுகிற எல்லோருக்கும் பழகிய வேதனை இது. அத்தனை முறை படித்தும் அதைத் தப்பவிட்டது யார்? முதல் சந்தேகம் கண் மீதுதான் விழும்.

படிக்கும்போது கண் வரியின் மேல் வழுக்கிக்கொண்டு போவதாகத் தோன்றும். உண்மையில் அது தாவித் தாவித்தான் போகிறது. 19ஆம் நூற்றாண்டின் இறுதியில், பாரிஸில் எமில் ஜவால் என்ற கண் மருத்துவரின் ஆய்வகத்தில் இது கவனிக்கப்பட்டது. கண் ஓரிடத்தில் ஏறக்குறைய கால் நொடி நிற்கும். பிறகு அடுத்த இடத்துக்குத் தாவும். தாவும் நேரத்தில் பார்வை மட்டுப்பட்டுவிடும். நின்ற இடத்திலும் நடுவிலிருக்கும் சில எழுத்துகளே துல்லியமாகத் தெரியும். சுற்றியுள்ளவை எல்லாம் ஒரு ஒரு மங்கலான உருவமாகவே விழும். ஆங்கிலம் படிப்பவர்களின் கண், சுமார் மூன்றில் ஒரு பங்கு சொற்களின் மேல் நிற்பதே இல்லை என்று கண்டிருக்கிறார்கள். எளிதில் ஊகிக்கக்கூடிய சின்னச் சொற்கள்தான் அதிகம் விடுபடும்.

மேலே உள்ள பத்தியில் ‘ஒரு’ என்ற சொல் அடுத்தடுத்து இரண்டு முறை வருகிறது. கவனித்தீர்களா? இல்லையென்றால் கண்ணை மட்டும் குறை சொல்ல முடியாது. அமெரிக்காவில் ஏட்ரியன் ஸ்டாப் குழுவினர் இத்தகைய வாக்கியங்களைத் தந்து கண்ணசைவுகளைப் பதிவு செய்தார்கள். இரட்டித்த சொல்லின் மேல் கண் நின்ற பிறகும், அது இரட்டித்திருப்பதைப் பலமுறை வாசகர்கள் உணரவில்லை. கண் கொண்டுவந்து கொடுத்ததை, பொருள் தேடும் அவசரத்தில் மூளை தானே சரிசெய்துகொண்டுவிடுகிறது.

அடுத்தவர் எழுத்தைப் படிக்கையில் மூளை பாதியை ஊகிக்கிறது. நம் எழுத்தில் ஊகிக்கவே வேண்டாம். என்ன சொல்ல வந்தோம் என்பது முன்பே தெரியும். ஆகவே எழுதியதை விட்டுவிட்டு, எழுத நினைத்ததையே படித்து முடிக்கிறோம். எழுத்துப்பிழையோடு இது நிற்பதில்லை. கதையில் விடுபட்ட காரணம், சொல்லாமல் போன உறவு, யார் பேசுகிறார் என்று புரியாத உரையாடல் எல்லாம் நமக்கு மட்டும் முழுமையாகத் தெரிகின்றன.

1990இல் ஸ்டான்ஃபோர்டு பல்கலைக்கழக மாணவி எலிசபெத் நியூட்டன் செய்த சோதனை இதைப் பளிச்செனக் காட்டியது. பிரபலமான பாட்டின் தாளத்தைச் சிலர் மேசையில் தட்ட வேண்டும். கேட்பவர் பாட்டைக் கண்டுபிடிக்க வேண்டும். பாதிக்குப் பாதி கண்டுபிடித்துவிடுவார்கள் என்று தட்டியவர்கள் நம்பினார்கள். 120 பாட்டுகளில் பிடிபட்டவை 3தான். தட்டியவர் மனத்தில் மெட்டு முழுதாக ஓடியது. எதிரே இருந்தவருக்குக் கேட்டதெல்லாம் வெறும் டொக் டொக்.

திருத்துவதற்கென்று எழுத்தாளர்கள் வழிவழியாகச் செய்துவரும் காரியங்களின் அர்த்தம் இங்கே விளங்குகிறது. வாய்விட்டுப் படித்தால் ஒவ்வொரு சொல்லையும் உச்சரித்தாக வேண்டும். கண் தாவிய இடங்களிலும் நாக்கு நின்றுதான் போக வேண்டும். எழுத்துருவை மாற்றினாலோ தாளில் அச்சிட்டாலோ பழகிய பக்கம் புதிதாகிறது. கடைசி வாக்கியத்திலிருந்து பின்னோக்கிப் படித்தால், அடுத்து வருவதை ஊகிக்க முடியாமல் மூளை திணறும். அந்தத் திணறலில் எழுத்துகள் கண்ணில் படும்.

இவை சொற்பிழைக்கு மருந்து. மனத்தில் ஓடும் மெட்டு அடங்க நாளாக வேண்டும். எழுதியதை ஒன்பதாம் ஆண்டு வரை உள்ளேயே வைத்திருக்கச் சொன்னார் ரோமானியக் கவிஞர் ஹொராஸ். தீபாவளி மலருக்குக் கதை கேட்கும் ஆசிரியரிடம் அது எடுபடாது. அவகாசம் இல்லாதவர், கதையைப் பற்றி ஒரு வார்த்தையும் சொல்லாமல் நண்பரிடம் கொடுத்து, எந்த இடத்தில் புரியவில்லை என்று மட்டும் கேட்கலாம். அவர் காட்டும் இடத்தை வாயால் விளக்கத் தொடங்கினோமானால், அந்த விளக்கம்தான் கதையில் விடுபட்ட வரி.