நாளைய உலகை எழுதுவது யார்?

இலக்கிய விழாக்களில் அறிவியல் புனைகதை எழுதும் புதியவர்களை மேடையேற்றி, அவர்கள் கதையை அவர்களையே படிக்கச் செய்யும் வழக்கம் பரவி வருகிறது. "வேலையற்றோரின் பகற்கனவுக்கு மேடை வேறா?" என்று ஏளனம் பேசுவோர்க்கு ஆக்டேவியா பட்லரின் வாழ்க்கையைக் காட்டுகிறோம்.

அமெரிக்கக் கருப்பினத்தில் 1947-இல் பிறந்தவர். தாய், வெள்ளையர் வீட்டு வேலைக்காரி. மகளோ பாத்திரம் கழுவினார். உருளைக்கிழங்கு வறுவலைத் தரம் பிரித்தார். விடியுமுன் எழுந்து எழுதினார். 1970-இல் கிளாரியன் எழுத்துப் பட்டறை அவர் கதைக்குச் செவி கொடுத்தது. 1979-இல் வந்த அவரது "கிண்ட்ரெட்" புதினம், இக்காலக் கருப்பினப் பெண்ணை அடிமைச் சந்தைக் காலத்துக்கே இழுத்துச் சென்றது. 1995-இல் மக்ஆர்தர் நல்கை பெற்றார். அதைப் பெற்ற முதல் அறிவியல் புனைகதையாளர் அவரே!

அன்று செவி கொடுப்பார் இல்லையெனில்? பாத்திரத்தோடு போயிருக்கும் அந்தப் பேனா!

"இனிவரும் உலகம்" தந்த பெரியாரின் வழிவந்தோர் நாம். பெயர் பெற்றோர்க்கே மாலையும் ஒலிபெருக்கியும் என்ற விழா நமக்கு வேண்டாம். தோழர்களே, நம் படிப்பகங்களில் மாதம் ஒரு மாலையை ஒதுக்குங்கள். ஆலையிலிருந்து வரும் இளைஞன் தன் கதையைப் படிக்கட்டும். நாளைய உலகை உழைப்பவனும் எழுதட்டும்!