வெயிலைக் குறைக்கலாம், மழை குறைந்தால் யார் பொறுப்பு?

சென்னையிலிருந்து ரயிலில் போய் சாந்த்ராகாச்சியில் இறங்கியவர்களுக்கு, ஸ்டேஷனை ஒட்டிய ஏரியும் குளிர்காலப் பறவைகளும் தெரிந்திருக்கும். அதைத் தாண்டி விரியும் வங்காள நெல்வயல்கள் நம்பியிருப்பது பருவமழையை. அந்த மழையை வேறொரு நாடு மாற்றிவிட்டால்?

அதென்ன ஜியோ இன்ஜினியரிங்?

1991-ல் பிலிப்பைன்ஸின் பினாட்டுபோ எரிமலை வெடித்தது. கந்தகத் துகள்கள் வெயிலை மறைக்க, உலகம் சுமார் 0.5 டிகிரி குளிர்ந்தது. இதையே விமானம் மூலம் செய்யலாம் என்பதுதான் யோசனை. ஆனா, வெடிப்புக்கு அடுத்த ஆண்டு நிலப்பகுதிகளில் மழையும் குறைந்தது.

இந்தியா முயன்றதுண்டா?

கடலில் முயன்றது. 2009-ல் ஜெர்மனியுடன் சேர்ந்து 'லோஹாஃபெக்ஸ்' ஆய்வில், தென்பெருங்கடலில் சுமார் 300 சதுர கி.மீ. பரப்பில் இரும்பைக் கலந்தார்கள். பாசி வளர்ந்தது, அதைச் சிறு உயிரிகள் தின்றுவிட்டன. ஆழத்துக்குப் போன கார்பன் மிகக் குறைவு. இப்படிச் செய்ய வேண்டாம் என்று உயிரினப் பன்மய மாநாடு 2008-லேயே கேட்டிருந்ததால் எதிர்ப்பும் கிளம்பியது.

அறச்சிக்கல் எங்கே?

* சம்மதம்: வானம் எல்லோருக்கும் பொது. ஹவுரா விவசாயியிடம் யார் கேட்பார்கள்?
* சாக்கு: 'அதான் மருந்து இருக்கே' என்று நிலக்கரியைத் தொடர்ந்து எரிக்கலாம்.
* சிறை: கார்பன் குறையாமல் தெளிப்பை நிறுத்தினால், அடக்கிவைத்த வெப்பம் சில ஆண்டுகளிலேயே திரும்பும். பிறக்காத தலைமுறைமீதும் கடமையைச் சுமத்துகிறோம்.

ஆய்வு மட்டுமாவது நடக்கட்டும் என்பவர்களின் வாதம் நியாயமானதே. ஆனால் மழையை இழக்கப்போகிறவருக்கு அங்கே ஓட்டு இருக்கிறதா என்பதுதான் முதல் கேள்வி.