பழைய விளையாட்டுக் காரின் பின்வில்

1961ஆம் ஆண்டு முதல் சென்னையில் தயாரான ஸ்டாண்டர்டு ஹெரால்டு காரும், 1962இல் இங்கிலாந்தில் வெளிவந்த ட்ரையம்ப் ஸ்பிட்ஃபயர் என்னும் விளையாட்டுக் காரும் ஒரே வகைப் பின்னமைப்பை உடையவை. குறுக்கே அமைந்த பட்டைவில் ஒன்றே இரு பின்சக்கரங்களையும் தாங்குகிறது. அரையச்சுகள் நடுமூட்டிலிருந்து ஊசலாடுகின்றன.

முதலமடையை அடுத்த நெல்லியாம்பதி மலைப்பாதை போன்ற வளைவுகளில் விரைந்து சென்று திடீரெனப் பிரேக்கிட்டால், பின்புறம் உயர்ந்து வெளிச்சக்கரம் உட்புறமாக மடியும். டயர் பிடிப்பிழந்து வண்டி சுழலக்கூடும்.

வில்லைக் கடினமாக்குதல் பரிகாரமன்று. வெளிச்சக்கரத்தின் பளு அதனால் மிகும். 1970இல் வந்த நான்காம் மாதிரியில், வில்தகடுகளுள் பெரும்பாலானவை நடுவில் திரும்புமாறு விடப்பட்டன. பின்புறத்தில் இவ்வாறு குறைந்த சாய்வெதிர்ப்பை, முன்புறத்தில் தடித்த சமனித்தண்டு ஈடுசெய்தது. ஆகவே அன்றாடம் ஓட்டுவோர், நல்ல அதிர்வுத்தணிப்பான்களுடன் இவ்விரண்டையும் சேர்த்தே மாற்றுதல் வேண்டும்.