விமானத்துக்கும் அச்சு உண்டு!

ஜவ்வாது மலையடிவாரத்துச் சந்தவாசலில் தீபாவளிக்கு முறுக்கு பிழிகிறார்கள். அச்சு பழுதானால் அத்தனை முறுக்கும் பழுதுதான்!

ஆகாய விமானத்துக்கும் அச்சுப்போல ஒன்று உண்டு. அதன் பெயர் 'ஜிக்'. அது பெரிய இரும்புச் சட்டம். இறக்கையின் பாகங்களை அதில் பொருத்தித் துளை போடுவார்கள், ரிவெட் அடிப்பார்கள். பெங்களூரில் செய்து 1951-ல் பறந்த எச்.டி.2 பயிற்சி விமானம் முழுக்க உலோகம். அப்படிப்பட்ட விமானத்துக்கு ஜிக் இல்லாமல் முடியாது.

ஜிக்குக்குப் படம் போடுகிறவர் ஒரு என்ஜினீயர். அவருடைய எதிரி யார் தெரியுமா? வெயில்! 5 மீட்டர் அலுமினியத் தகடு 10 டிகிரி சூடேறினால் ஒரு மில்லிமீட்டருக்கு மேல் நீளும். இரும்புச் சட்டமோ அதில் பாதிதான் நீளும். அப்புறம் துளையோடு துளை சேருமா? சேராததை இழுத்து இறுக்கினால், பின்னால் விரிசல் விடலாம். வானத்தில் இருப்பவர் ஒரு தாய் பெற்ற பிள்ளை அல்லவா?

அதனால் படம் போடும்போதே அவர் வெயிலுக்கும் கணக்குப் போடுகிறார்.